ஓர் அசோங்கை பட்டாசு

மஹா பிராயூனின் கல்யாணம் நின்றுபோனதற்குப் பெண் காரணமில்லை, ஜாதகமும் காரணமில்லை. ஓர் எண்தான் காரணம். அதுவும் அவரே வாயைத் திறந்து, ஒலிபெருக்கியில், இரண்டு ஊர் ஜனம் கேட்க, சாமி முன்னால் சொன்ன எண்.

யோம் ஆற்றின் கிழக்குக் கரையில் சகே கிராமம். பிராயூன் அங்கே பன்னிரண்டு வருடம் பிக்குவாக இருந்தவர். பாலி மொழிப் பரீட்சை தேறியவர் காவியைக் கழற்றினாலும் 'மஹா' என்ற பட்டம் கழலாது. காவியைக் கழற்றி மூன்று வருடமாகிறது, வயது ஐம்பத்திரண்டு. கிரகப்பிரவேசம், பெயர் வைப்பது, புதுப்படகுக்கு மாலை கட்டுவது என்று ஊரில் எது நடந்தாலும் மந்திரம் சொல்ல அவர்தான் போவார். சம்பளம் கிடையாது. ஆனால் எந்த வீட்டுப் பந்தியிலும் அவருக்குப் பன்றிக்கால் கறி நிச்சயம்.

மேற்குக் கரையில் மகோக் கிராமம். அதன் படித்துறையில் லம்துவான் என்ற பெண் படகைக் கட்டிப் போட்டு அதிலேயே நூடுல்ஸ் விற்றாள். புருஷனை இழந்தவள், நாற்பத்தைந்து வயது, கையும் வேகம், வாயும் வேகம். பிராயூன் பிக்குவாக இருந்த காலத்தில் விடியற்காலையில் சின்னத் தோணியில் பிச்சைக்கு வருவார். இவள் தலை குனிந்தபடி அவர் பாத்திரத்தில் சோறு போடுவாள். அப்போதெல்லாம் மனசில் ஒன்றுமே இல்லை என்று இருவரும் அடித்துச் சொல்கிறார்கள். சரி, நம்பி வைப்போம்.

காவியைக் கழற்றிய அடுத்த வாரமே மஹா அந்தப் படகில் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சாப்பிட்டார் என்பது மட்டும் ஊரறிந்தது. மூன்று வருடம் சாப்பிட்டுவிட்டு, ஒருநாள் கேட்டும் விட்டார். அவளும் சரி என்றாள். படகுப் போட்டி முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு.

பிடிக்காத ஒரே ஆள் அவளுடைய அண்ணன் சலோங். மகோக்கின் ஊர்த்தலைவர். தங்கையின் படகில் தினம் மூன்று கிண்ணம் ஓசியில் சாப்பிடுகிறவர். தங்கை அக்கரைக்குப் போய்விட்டால் தன் வயிறு என்னாவது என்பதுதான் அவர் கவலை. அதை வெளியே சொல்ல முடியாதே, அதனால் குடும்ப கௌரவம் என்று பேசிக்கொண்டு திரிந்தார்.

மழைக்காலம் முடிந்து ஆறு நிறைந்து ஓடும்போது இரண்டு ஊருக்கும் படகுப் போட்டி. மகோக்கின் படகு 'தங்க முதலை', சகேயின் படகு 'வெள்ளி அன்னம்'. ஆறு வருடமாக அன்னம் முதலையின் வாலைத்தான் பார்த்துக்கொண்டு போனது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு ஊருக்கும் வேண்டுதல் சாமி ஒன்றுதான். ஆறு வளையும் இடத்தில் கோயில் கொண்டிருக்கும் வளைவுச் சாமி. அவருக்குப் பிடித்தது பட்டாசு. நினைத்தது நடந்தால் இத்தனை வெடி என்று எண்ணைச் சொல்லி வேண்டிக்கொள்ள வேண்டும், நடந்தால் கொளுத்திவிட வேண்டும். எந்தக் கரை ஜெயித்தாலும் சாமிக்கு நஷ்டமில்லை. இத்தனை வருட வெடியில் அவருக்குக் காது எப்போதோ போயிருக்கும் என்பது என் எண்ணம்.

போட்டியன்று காலை இரண்டு கூட்டமும் கோயில் முன்னால் கூடியது. சலோங் ஒலிபெருக்கியை வாங்கினார்.

"சாமி! எங்க தங்க முதலை ஜெயிச்சா உனக்கு ஒரு லட்சம் வெடி!"

மகோக் கூட்டம் ஆரவாரம் போட்டது. சகேயின் படகுத் தலைவர் தியெங் கிழவர் மஹாவின் இடுப்பில் இடித்தார். "நாமளும் லட்சம்தான் பேசி வெச்சிருக்கோம் மஹா. அதைச் சொல்லிட்டு இறங்கிடுங்க. கையோட காரியம்."

இறங்கியிருக்கலாம். ஆனால் கூட்டத்தில் கரண்டியும் கையுமாக லம்துவான் நிற்பதை மஹா பார்த்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயது ஆணுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"ரெண்டு லட்சம்!" என்றார்.

"அஞ்சு!" என்றார் சலோங்.

"ஒரு லான்!"

லான் என்றால் பத்து லட்சம். அதற்கு மேல் இவர்கள் புதுப்பெயர் எதையும் தேடுவதில்லை. கோடி என்ற சொல் தெரியாது என்றில்லை. தெரியும். ஆனால் அது விகாரையில் பிரசங்கத்தோடு இருந்துவிடும், சந்தைக்கு வராது. சந்தையில் லானை மூட்டையாகக் கட்டி வைத்துக்கொண்டு, பத்திலிருந்து மறுபடி ஏணி ஏறுவார்கள்.

"பத்து லான்!"

"நூறு லான்!"

"ஆயிரம் லான்! என்ன மஹா, மூச்சு வாங்குதா?"

"பத்தாயிரம் லான்! உங்களுக்குத்தான் அண்ணே வேர்க்குது."

"லட்சம் லான்!"

"லான் லான்!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

இந்தக் கட்டத்தில் அங்கிருந்த ஒருவருக்கும் பட்டாசு ஞாபகமே இல்லை. கோழிச்சண்டை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சலோங் சிரித்தார்.

"முடிஞ்சுது. இதுக்கு மேல எண்ணே கிடையாது. பள்ளிக்கூடத்துல இதோட மணி அடிச்சுட்டாங்க. இன்னொரு லானை வேணும்னா ஒட்டிக்குங்க மஹா. நானும் ஒட்டறேன். பொழுது சாயற வரைக்கும் ஒட்டிக்கிட்டே இருக்கலாம்."

கூட்டம் சிரித்தது. லம்துவானும் சிரித்தாள். அதுதான் வினையாகப் போயிற்று.

மஹா கண்ணை மூடினார். பன்னிரண்டு வருடம் தின்ற பாலி மொத்தமும் தொண்டைக்கு வந்தது. "கோடி... பகோடி... கோடிப்பகோடி... நஹுதம்... நின்னஹுதம்..." என்று ராகத்தோடு ஏற ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஏழு சைபர் கூடும். "அஹஹ" என்று ஓர் எண் வந்தது. மனுஷன் சிரிக்கிறார் என்று நினைத்து ஜனமும் சிரித்தது. "அபப... அடட..." என்றபோது முன்வரிசைக் கிழவி ஒருத்தி யாராவது தண்ணீர் கொடுங்கள் என்றாள். பிறகு பூக்கள் வந்தன. நீலோற்பலம், குமுதம், புண்டரீகம், பதுமம். நம் பழைய ஆட்களும் ஆம்பல், தாமரை, வெள்ளம் என்று எண்ணியவர்கள்தான். ஆனால் அந்தக் கணக்கில் யாரும் பட்டாசு வேண்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"ஓர் அசோங்கை!" என்று முடித்தார் மஹா. "எங்க வெள்ளி அன்னம் ஜெயிச்சா, சாமி, உனக்கு ஓர் அசோங்கை பட்டாசு! இதைச் சொல்ற நான் பிராயூன்!"

பெயரையும் சொல்லித் தொலைத்தார்.

அந்தச் சொல்லை ஊரில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். புத்தர் புத்தராவதற்கு நாலு அசோங்கையும் லட்சம் கல்பமும் பிடித்தது என்று வருடா வருடம் பிரசங்கம் நடக்கும். சலோங் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார்.

அன்று சாயங்காலம் அன்னம் ஒரு மூக்கு நீளத்தில் ஜெயித்தது. ஆறு வருடத் தோல்விக்குப் பிறகு சகேயில் ஆட்டம் பாட்டம், சாராயம், ஆற்றில் பாதிப் பேர். மஹாவைத் தூக்கிவைத்து ஆடினார்கள். மறுநாள் காலை தலைவலியோடு அதே ஆட்கள் கோயிலுக்கு வந்து ஒரு லட்சம் வெடியை மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டுக் கொளுத்தினார்கள். பிறகு சாமிக்குத் திருப்தியா என்று கேட்டார்கள். கேட்பதற்குப் பிறை வடிவில் இரண்டு மரத்துண்டு உண்டு. போட்டால் ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சரி என்று அர்த்தம். இரண்டும் கவிழ்ந்தால் கோபம். இரண்டும் நிமிர்ந்தால் சாமி சிரிக்கிறார், சம்மதம் சொல்லவில்லை.

மூன்று முறை போட்டார்கள். மூன்று முறையும் சாமி சிரித்தார்.

தியெங் கிழவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "லட்சம் ஊர்க் கணக்கு. அது முடிஞ்சுது. மிச்சம் உங்க வாய்க் கணக்கு மஹா."

"ஊருக்காகத்தானே சொன்னேன்!"

"ஊர் லட்சம்தான் சொல்லச் சொல்லிச்சு. 'சொல்ற நான் பிராயூன்'னு யாரு கத்தினது? நானா?"

இப்படி ஊர் கை கழுவியது. மஹா அக்கரைக்குப் போனார். படித்துறையில் சலோங் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு களை. போட்டியில் தோற்றவர் மாதிரியே இல்லை.

"வாங்க மாப்பிள்ளை. இல்ல, மாப்பிள்ளைன்னு சொல்லக்கூடாது இல்ல? வேண்டுதல் பாக்கி வெச்சிருக்கிற ஆளு நல்ல காரியம் பண்ணக்கூடாதே. பாக்கியைத் தீர்த்துட்டு வாங்க. என் தங்கச்சி எங்க போயிடப் போறா?"

அவர் சொன்னதை மஹா பொருட்படுத்தவில்லை. லம்துவான் சொன்னதுதான் நெஞ்சில் விழுந்தது. அவள் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள். "அண்ணன் சோத்துக்காகப் பேசுது, அது எனக்குத் தெரியும். ஆனா எனக்கும் பயமா இருக்கு மஹா. எம் புருஷன் எருமை கிடைச்சா நூறு அவிச்ச முட்டை வெக்கறேன்னு வேண்டிக்கிட்டாரு. எருமை கிடைச்சுது. போற வழியில பசிக்குதுன்னு ஒண்ணை எடுத்து வாயில போட்டுக்கிட்டாரு. தொண்ணூத்தொம்பதை வெச்சாரு. அந்த மாசமே ஆத்துல போயிட்டாரு. ஒத்த முட்டைக்கே அந்தக் கதி. உங்களுது எவ்வளவு பாக்கி?"

"ஒண்ணு போட்டு நூத்தி நாப்பது சைபர்."

லம்துவான் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நான் இன்னொரு தடவை சாவுக்குக் கறுப்புத் துணி கட்ட மாட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. வெங்காயம் அரியவில்லை அவள்.

மஹாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. படித்த மூளை சும்மா இருக்குமா? மூன்றாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தது. அசோங்கை என்றால் எண்ண முடியாதது என்றுதானே பொருள்? எண்ணாமல் கொளுத்திவிட்டால்? ஒரு கூடை உதிரி வெடியைக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளி வந்தார்.

"சாமி, நான் எண்ணலை. கடைக்காரனும் எண்ணலை. யாருக்கும் தெரியாது. ஆகவே இது எண்ண முடியாதது. ஏத்துக்க!"

கொளுத்தினார். புகை அடங்கியதும் கோயில் தூணுக்குப் பின்னாலிருந்து சலோங் வந்தார். "நான் எண்ணினேன்" என்றார். "ஆயிரத்து நூத்திப் பன்னண்டு. நாலஞ்சு நமத்துப்போச்சு, அதையும் சேர்த்துத்தான்."

மரத்துண்டுகள் இரண்டும் குப்புற விழுந்தன. சாமிக்குக் கோபம். அவரும் என்ன செய்வார், அவர் கோயிலிலேயே அவரை ஏமாற்றப் பார்த்தால்?

அன்று மத்தியானம் மஹா லம்துவானின் படகில் வந்து உட்கார்ந்தார். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. அவள் கேட்காமலே ஒரு கிண்ணம் வைத்தாள். அவர் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பில் எண்ணெய் வட்டங்கள் மிதந்தன. பாவம், அதுவும் அவருக்கு சைபராகத்தான் தெரிந்திருக்கும்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் அவள். "புத்தரு நாலு அசோங்கை எடுத்துக்கிட்டாருன்னு வருஷா வருஷம் ஓதுவீங்களே. நாலையும் ஒரே நாள்லயா முடிச்சாரு?"

"ஒரே நாள்லயா? முயலாப் பிறந்தாரு, குரங்காப் பிறந்தாரு, ராஜாவாப் பிறந்தாரு, காடையாக் கூடப் பிறந்தாரு. ஒவ்வொரு பிறவியிலயும் கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்தாரு."

"அவரே கொஞ்சம் கொஞ்சமாத்தான் பண்ணியிருக்காரு. உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்? எத்தனைன்னு வேண்டிக்கிட்டீங்க. எப்போன்னு வேண்டிக்கிட்டீங்களா?"

மஹா நிமிர்ந்தார். "எப்போன்னு சொல்லலை."

"அப்ப தினம் ஒண்ணு கொளுத்துங்க. இந்தப் பிறவியில முடியாட்டி அடுத்ததுல. அதுல முடியாட்டி அதுக்கு அடுத்ததுல. தவணை தவறாம கட்டினா பாக்கிதாரன்னு யாரும் சொல்ல முடியாது, சாமியா இருந்தாலும்."

மஹா சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. முகம் வெளுத்தது.

"அப்படின்னா நான் மறுபடி மறுபடி பிறக்கணும்."

"ஆமா."

"இதே ஊர்ல. இதே ஆத்தங்கரையில."

"வெடி இங்கதானே கொளுத்தணும்?"

பன்னிரண்டு வருடம், காலையும் மாலையும் மண்டியிட்டு அந்த மனிதர் கேட்டது ஒன்றே ஒன்று: இனி பிறக்காமல் இருக்க வேண்டும். காவியைக் கழற்றியபோது பாத்திரத்தைக் கொடுத்தார், விசிறியைக் கொடுத்தார், அந்த ஆசையை மட்டும் கூடவே எடுத்து வந்தார். இந்தப் பிறவியில் இல்லாவிட்டாலும் ஏழெட்டுப் பிறவிக்குள் கதவு திறக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார். இப்போது தவணையை ஒப்புக்கொண்டால் அந்தக் கதவுக்குப் பூட்டு. ஏழெட்டு இல்லை, சைபர்களின் வால் கண்ணுக்கெட்டாத தூரம் வரை பிறவி. அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

லம்துவான் அடுப்பை ஊதினாள். நெற்றியில் கரி. புறங்கையால் துடைக்கப் போய் இன்னும் அப்பிக்கொண்டாள். மஹா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறப்பது ஒன்றும் அவ்வளவு மோசமான காரியம் இல்லையோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

"சரி" என்றார். "பிறக்கறேன்."

"முழுசா கேட்டுக்குங்க" என்றாள் அவள், கரண்டியை நீட்டி. "நான் இந்த ஒரு பிறவிக்குத்தான். அடுத்ததுல நீங்க தனியாத்தான் வெடிச்சுக்கணும். உங்க வாய் சொன்ன சொல்லுக்கு நான் ஏன் காடையாப் பிறக்கணும்?"

நியாயம்தான். மஹா தலையாட்டினார். நூடுல்ஸைச் சாப்பிட்டும் முடித்தார், ஆனால் ருசி தெரியவில்லை.

கோயிலில் போய்க் கேட்டார்கள். தினம் ஒன்று, தீரும் வரைக்கும், சம்மதமா? துண்டு ஒன்று நிமிர்ந்தது, ஒன்று கவிழ்ந்தது. சலோங் மூன்று முறை கேட்கணும் என்றார். மூன்று முறையும் அப்படியே விழுந்தது. நாலாவது முறையும் போடச் சொன்னார். தியெங் கிழவர் துண்டுகளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"அப்ப எனக்கு நூடுல்ஸ்?" என்றார் சலோங், உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது.

"படகு நம்ம கரையிலயேதான் இருக்கும் அண்ணே" என்றாள் லம்துவான். "காசு குடுத்துச் சாப்பிடு."

கல்யாணத்தன்று காலை பிக்குகள் வரிசையாக வந்தார்கள். மணமக்கள் ஒரே கரண்டியைச் சேர்ந்து பிடித்துச் சோறு போடுவது வழக்கம். சேர்ந்து செய்த காரியம் அடுத்த பிறவியிலும் இருவரையும் சேர்த்துவைக்கும் என்பது கணக்கு. லம்துவான் இரண்டு கரண்டி கொண்டுவந்திருந்தாள். பெண்கள் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மஹா தன் கரண்டியால் தான் போட்டார். பேசிய பேச்சுதான், ஆனாலும் அவள் கரண்டியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அவள் பக்கத்திலேயே நின்றாள், தோள் உரசும் தூரத்தில், தனிக் கரண்டியோடு.

பிறகு இரு ஊரும் கோயிலுக்கு நடந்தது. முதல் வெடி. ஒரே ஒரு வெடி, சிவப்புத் தாள் சுற்றியது, சுண்டுவிரல் அளவு. தரையில் வைத்தார்கள். மஹா பற்றவைத்த ஊதுபத்தியை நீட்டினார். திரிக்கு இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, திரியில் மட்டும் படவில்லை. இதைக் கொளுத்திவிட்டால் அவ்வளவுதான், அப்புறம் பின்வாங்க வழியில்லை. முயலோ, குரங்கோ, தனியாக, யுகம் யுகமாக. ஊதுபத்திச் சாம்பல் உதிர்ந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"என்ன கை இது!" என்று லம்துவான் வந்தாள். குனிந்து, அவர் கையோடு சேர்த்து ஊதுபத்தியை இறுக்கிப் பிடித்து, நேராகத் திரியில் வைத்தாள். புஸ் என்றது. வெடித்தது.

ஜனம் கை தட்டவில்லை. சலோங்தான் முதலில் அலறினார்.

"ஐயையோ, தங்கச்சி! நீயும் சேர்ந்து கை வெச்சுட்டியே! இனிமே ஒவ்வொரு பிறவியிலயும் இந்த ஆளோடதான் நீ!"

"எனக்கென்ன கண்ணா தெரியாது? பார்த்துத்தான் வெச்சேன்" என்றாள் அவள். அவர் கையை இன்னும் விடவில்லை. புகைக்குள் மஹாவைப் பார்த்தாள். "அழறதை அப்புறம் வெச்சுக்குங்க. மீதி எத்தனை?"

மஹா மூக்கை உறிஞ்சினார். மனசுக்குள் நூற்று நாற்பது சைபரிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தார்.

"அப்படியேதான் இருக்கு" என்றார்.